மதியச் சாப்பாட்டோடு இளம் ஒயின்: எப்படிச் சுவைப்பது, எப்படி எடைபோடுவது

ஒயின் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது", "துவர்க்குது", "தொண்டை எரியுது" என்று கிளாஸைத் தள்ளிவைப்பவர்கள் கோலாலம்பூரில் நிறைய உண்டு. பல நேரம் பிழை ஒயின்மேல் இருக்காது. 30 டிகிரி சூட்டில் ஊற்றிய சிவப்பு ஒயின் எரியத்தான் செய்யும். பாகற்காய் வறுவலைக் கடித்த வாயில் நல்ல சிவப்பு ஒயினும் கசக்கத்தான் செய்யும். இளம் ஒயினை எடைபோடப் பழகுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான். சரியான குளிர்ச்சியில் தனியாக ஒரு முறை, சாப்பாட்டோடு மறுமுறை என்று இரண்டு தடவை சுவைக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும். முதல் குறிப்பு அந்த ஒயின் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, அது நம் இலையில் எதோடு சேரும் என்று சொல்லும். இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுமே பிடிபடாது.

எது இளம் ஒயின்

வெள்ளையென்றால் அறுவடையாகி இரண்டு ஆண்டுக்குள், சிவப்பென்றால் மூன்று ஆண்டுக்குள் இருப்பதை இங்கே இளம் ஒயின் என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் அச்சிட்டிருப்பது திராட்சை பறித்த ஆண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் பறிப்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே ஒரே ஆண்டு போட்ட இரண்டு போத்தல்களில் தெற்கிலிருந்து வந்ததற்கு ஏறக்குறைய ஆறு மாதம் வயது கூடுதல். இளமையின் உச்சம் பிரான்சின் போஜொலே நூவோ. அறுவடை முடிந்த சில வாரங்களில், நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமையே விற்பனைக்கு வந்துவிடும்.

இளம் ஒயினில் பழத்தின் மணமும் நொதித்தலின் மணமும்தான் முன்னால் நிற்கும். தேன், காளான், தோல் போன்ற மணங்கள் வருடக்கணக்கில் போத்தலில் கிடந்த பிறகு வருபவை. அவற்றை இங்கே தேட வேண்டாம். புளிப்பும் துவர்ப்பும் இன்னும் தணியாமல் கூர்மையாக இருக்கும். அந்தக் கூர்மை தானாகக் குறையல்ல. அதைத் தாங்கும் அளவுக்குப் பழம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நான்கு போத்தல், ஆறு பேர்

தொடக்கத்துக்கு நான்கு போத்தல் போதும். ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்பவையாகத் தேர்ந்தெடுத்தால்தான் வேறுபாடு நாக்கில் ஏறும். வெள்ளையில் நியூசிலாந்து மார்ல்பரோவின் சாவின்யான் பிளாங்க் ஒன்று, ஜெர்மனி மோசல் பகுதியின் காபினெட் வகை ரீஸ்லிங் ஒன்று. சிவப்பில் காமே திராட்சையில் செய்யும் போஜொலே ஒன்று, ஆஸ்திரேலிய ஷிராஸ் ஒன்று. முதலாவது புளிப்பும் மணமும் தூக்கலான ஒயின். ரீஸ்லிங்கில் சீனி கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மது குறைவு. லேபிளில் 8 அல்லது 9 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் மது 12 சதவீதமென்றால் அது சீனி முழுக்க நொதித்த வேறு பாணியாக இருக்கும். போஜொலே துவர்ப்பு குறைந்த இலேசான சிவப்பு. ஷிராஸ் கனமானது, மது 14 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

ஒரு போத்தல் 750 மில்லி. ஆறு பேருக்குத் தனியாகச் சுவைக்க 50 மில்லி, சாப்பாட்டோடு 50 மில்லி என்று ஊற்றினால் 600 மில்லி போகும். மிச்சம் 150 மில்லியை மறுநாளுக்கு எடுத்துவையுங்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு ஒயினிலும் 100 மில்லி வீதம் முழுவதையும் விழுங்கினால் ஒருவர் உடம்பில் சேரும் தூய மது கிட்டத்தட்ட 39 கிராம். மதிய நேரத்துக்கு அது அதிகம். அதனால் முதல் சுற்றைத் துப்பிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு ஒளிபுகாத காகிதக் கோப்பை கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது. ஒயின் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள்; மணமும் சுவையும் விழுங்குவதற்கு முன்பே முக்கால்வாசி தெரிந்துவிடும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதை மறக்க வேண்டாம். மலேசியாவில் 2020 அக்டோபர் முதல் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. சுவைத்தவர் யாரும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலிருந்து 21.

இடம் வீடாக இருந்தால் சிக்கல் இல்லை. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் போத்தலைத் திறக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ், பங்சார் பக்கம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில சீன உணவகங்கள் போத்தலுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும்.

சூடுதான் முதல் எதிரி

ஐரோப்பியப் புத்தகங்கள் சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்லும். அவர்கள் சொல்வது குளிர்நாட்டு அறை. 16, 18 டிகிரி. கோலாலம்பூரில் மதியம் காற்றாடி மட்டும் ஓடும் வரவேற்பறை 30 டிகிரியைத் தொடும். ஏர்கோன் போட்டாலும் 24, 25. அந்தச் சூட்டில் மது முதலில் ஆவியாகி மூக்கில் குத்தும். பழ மணம் வெந்த ஜாம் போலத் தோன்றும். புளிப்பு தளர்ந்து ஒயின் வழவழவென்று கிடக்கும். இந்த நிலையில் எழுதும் குறிப்பு செல்லாது.

இலக்கு இதுதான்: சாவின்யான் பிளாங்க், ரீஸ்லிங் 8 முதல் 10 டிகிரி, போஜொலே 12 முதல் 14, ஷிராஸ் 16. அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெடுதி. 5 டிகிரியில் வெள்ளை ஒயினின் மணம் எழும்பாது, சிவப்பு ஒயினின் துவர்ப்பு முரடாகிவிடும்.

சிவப்பை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும் என்ற அறிவுரை நம் ஊருக்குப் பொருந்தாது. 30 டிகிரியில் இருக்கும் போத்தல் குளிர்பெட்டியில் 16 டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ் கட்டி, பாதி தண்ணீர் நிரப்பிக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். சிவப்புக்கு 10 நிமிடம், வெள்ளைக்கு 20 நிமிடம். தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸ் கட்டியில் குத்திவைத்தால் இடையில் காற்று நின்று மெதுவாகத்தான் குளிரும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்த வெள்ளையைச் சுவைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் முதலில் ஊற்றிய கிளாஸில் முக்கிப் பார்ப்பதே சந்தேகமில்லாத வழி. சிறிய அளவு ஒயின் நம் வெயிலில் விரைவாகச் சூடேறும். ஆகவே கொஞ்சமாக ஊற்றி, போத்தலை உடனே வாளிக்குத் திருப்புங்கள்.

மேசை

சுவைக்கும் கிளாஸுக்கென்று 1977-இல் வந்த ஐஎஸ்ஓ 3591 என்ற தர அளவு உண்டு: தண்டு வைத்தது, வயிறு அகன்று வாய் குறுகியது, கொள்ளளவு 215 மில்லி அளவில், ஊற்றுவது 50 மில்லி. அதேதான் வேண்டும் என்றில்லை; வாய் குறுகிய, நிறமில்லாத எந்தத் தண்டுக் கிளாஸும் சரி. ஆளுக்கு இரண்டு கிளாஸ். இரண்டு வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்து முடித்து, கிளாஸை அடுத்து வரும் ஒயினிலேயே ஒரு மடக்கு ஊற்றி அலசிவிட்டு, இரண்டு சிவப்புக்குப் போகலாம். தண்ணீரில் அலசினால் துளி மிஞ்சும், பாத்திரச் சோப்பு மணம் ஒட்டியிருந்தால் எல்லாம் பாழ்.

அறையில் வேறு மணம் கூடாது. சாமி விளக்கேற்றி ஊதுபத்தி, சாம்பிராணி காட்டியிருந்தால் அது முழுக்கக் கலையும்வரை பொறுங்கள். தலையில் மல்லிகைச் சரம், கழுத்தில் வாசனைத் திரவியம், நெற்றியில் தைலம், மூன்றும் மூக்கை மறைத்துவிடும். தாளிதம் நடக்கும் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். வாழை இலையின்மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. இலையின் பச்சை வெள்ளை ஒயினில் ஏறி, வயதானதைக்கூட இளசாகக் காட்டிவிடும். கிளாஸுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள்.

வாயைத் துடைக்கச் சாதாரணத் தண்ணீரும், எதுவும் சேராத வெள்ளைச் சோறும் போதும். சுவைப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து காப்பி, ஊறுகாய், வெற்றிலை எதுவும் வேண்டாம்.

நாக்குக்கு ஒரு பயிற்சி

ஒயினில் நாக்கு தேட வேண்டியவை நான்கு: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, மதுவின் சூடு. இவை ஒன்றையொன்று மறைக்கும் என்பதால் முதலில் தனித்தனியாக அறிந்துகொள்வது நல்லது. 200 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இன்னொரு 200 மில்லியில் ஒரு தேக்கரண்டி சீனி. மூன்றாவது, ஒரு தேநீர்ப் பையைப் பத்து நிமிடம் ஊறவிட்ட தே ஓ கோசோங், நன்றாக ஆறியது.

எலுமிச்சைத் தண்ணீரை விழுங்கிவிட்டு வாயை லேசாகத் திறந்து தலையைக் குனியுங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் உமிழ்நீர் சுரந்து முன்னுக்கு வரும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் சுரக்கிறது என்பதே புளிப்பின் அளவு. தேநீரில் இதற்கு நேரெதிர்: ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இறுகும். தேநீரிலும் சிவப்பு ஒயினிலும் இருக்கும் டானின்கள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது. சிவப்பு ஒயினில் டானின் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, மரப்பீப்பாயில் வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிடுவதால் துவர்ப்பு அநேகமாக இருக்காது.

கடைசியாக எலுமிச்சைத் தண்ணீரில் பாதியையும் சீனித் தண்ணீரில் பாதியையும் கலந்து பாருங்கள். பிறகு எலுமிச்சைத் தண்ணீரின் மறுபாதியில் அதே அளவு வெறும் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் அமிலம் ஒரே அளவுதான். ஆனால் சீனி சேர்ந்ததில் புளிப்பு பணிந்து நிற்கும். மோசல் ரீஸ்லிங் நிற்பது முழுக்க இந்த ஏற்பாட்டில்தான். சீனியை மட்டும் கவனித்து "இது இனிப்பு ஒயின்" என்று ஒதுக்குகிறவர், அதற்குக் கீழே ஓடும் புளிப்பைத் தவறவிடுகிறார்.

பார்வை, மூக்கு, வாய்

கிளாஸை வெள்ளைத் தாள்மேல் 45 டிகிரி சாய்த்து நடுவையும் விளிம்பையும் பாருங்கள். இளம் வெள்ளை வெளிறி, எலுமிச்சை நிறத்தில், சில நேரம் பச்சை சாயலோடு இருக்கும். இளம் சிவப்பின் விளிம்பு ஊதா. வயதாக ஆக வெள்ளை பொன்னிறமாகும், சிவப்பின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். ஓராண்டு வெள்ளை ஒயின் பழுப்பேறி நின்றால் காற்றோ சூடோ பட்டிருக்கிறது. பார்வைக்கு இதற்கு மேல் நேரம் வேண்டாம். கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளை வைத்துத் தரம் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கோடுகளிலிருந்து மதுவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், தரத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

மூக்குதான் பெரிய வேலைக்காரன். முதலில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள். பிறகு அடியை மேசையில் வைத்தபடியே நாலைந்து முறை சுழற்றி மறுபடி முகருங்கள். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக இழுத்தால் மூக்கு களைக்காது. மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் கூஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி எல்லாம் நமக்கு மனத்தில் எழாது. எழ வேண்டிய அவசியமும் இல்லை. நம் சந்தையில் இருப்பதை வைத்தே எழுதலாம், அதற்கு வேதியியலே துணை நிற்கிறது. சாவின்யான் பிளாங்கில் எழும் கொய்யா, மார்க்கிசா மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் அந்தப் பழங்களிலேயே இருப்பவை. அதன் பச்சைக் குடைமிளகாய் மணம் மெத்தாக்சிபைரசின்; குடைமிளகாயிலும் அதேதான். ஈப்போ பம்பளிமாஸ் தோலைக் கிள்ளி முகர்ந்தவருக்கு இந்த ஒயினின் பாதி பிடிபட்டுவிடும்.

இளம் போஜொலேவில் பல நேரம் வாழைப்பழ மணம் வரும். திராட்சையை நசுக்காமல் குலையோடு மூடிய தொட்டியில் கரியமில வாயுவில் வைத்து நொதிக்கத் தொடங்குவது அங்கே வழக்கம். அந்த முறையிலும், நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டின் வேலையிலும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற சேர்மம் கூடுதலாக உண்டாகும். வாழைப்பழத்தின் மணமும் அதுவே. சில மாதங்களில் அது மங்கிவிடும். ஆகவே வாழைப்பழம் தூக்கலாக இருந்தால் ஒயின் மிக இளசு என்று எழுதிக்கொள்ளலாம். ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். கருமிளகிலும் இருப்பது இதுவே. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் எட்டவே எட்டாது. மேசையில் ஐந்து பேர் மிளகு என்று சொல்லி ஒருவர் மட்டும் இல்லை என்றால் அவரை யாரும் திருத்தப் போக வேண்டாம். ஷிராஸில் தேங்காய் மணம் வந்தால் அது திராட்சையிலிருந்து வந்ததல்ல, ஓக் பீப்பாயிலிருந்து, குறிப்பாக அமெரிக்க ஓக்கிலிருந்து.

வாயில் ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து, ஈறு, கன்னம், நாக்கின் அடி எல்லாம் நனையும்படி ஐந்தாறு விநாடி சுழற்றுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தால் மணம் தொண்டைவழி மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட்டு, பழச் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குள் போனால் குறைவு, பத்தைத் தாண்டினால் நல்ல நீளம். எண்ண வேண்டியது பழத்தை மட்டும். பழம் போன பிறகு நிற்கும் கசப்பையோ எரிச்சலையோ நீளத்தில் சேர்க்கக் கூடாது. வரிசை: சாவின்யான் பிளாங்க், ரீஸ்லிங், போஜொலே, ஷிராஸ்.

குறை எது, குறையில்லாதது எது

நம் ஊரில் முதல் சந்தேகம் சூடாகத்தான் இருக்க வேண்டும். கார் பின்பெட்டியில் ஒரு மதியம் கிடந்தாலே போதும். தக்கை போத்தல் வாய்க்கு மேலே புடைத்திருந்தாலோ, மூடித்தாளுக்குக் கீழே பிசுபிசுப்பு இருந்தாலோ, ஒயின் சூட்டில் விரிந்து கசிந்திருக்கிறது. முகர்ந்தால் புதுப் பழம் இருக்காது, காய்ச்சிய பழம் இருக்கும். ஏர்கோன் இல்லாத கடையில், கண்ணாடி ஓரம் வெயில் படும் தட்டிலிருந்து ஒருபோதும் வாங்க வேண்டாம்.

நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் தக்கைக் கெடுதல். ஆற வைத்தாலும் போகாது, கூடத்தான் செய்யும். காடி மணமோ நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் மணமோ தூக்கலாக வந்தால் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் மணம் காற்றுப்பட்டதைக் காட்டும். இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த போத்தலை எடைபோடாமல் ஒதுக்குங்கள். கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று கேளுங்கள்.

திருகுமூடி போட்ட இளம் ஒயினில் திறந்தவுடன் தீக்குச்சி அல்லது அவிந்த முட்டை மணம் லேசாக வரலாம். இது வேறு. நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும். அதேபோல இளம் வெள்ளையில் நாக்கு நுனியில் சுருக்கென்று குத்தும் சிறு வாயு குறையல்ல, புத்துணர்ச்சிக்காக விட்டுவைப்பது. குளிர்பெட்டியில் இருந்த போத்தலின் அடியில் சீனிக் குறுணைபோல் படிந்திருப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. கண்ணாடித் துண்டு என்று பயந்து கொட்டிவிட வேண்டாம்.

இலை போட்ட பிறகு

இனி இரண்டாவது சுற்று. முதல் சுற்றின் குறிப்பை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு பதார்த்தம், ஒரு மடக்கு ஒயின், ஒரு குறிப்பு என்று போங்கள். எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் எது எதை மாற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ரசத்தில் தொடங்குங்கள். புளியின் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையின் முதன்மையான அமிலமும் அதுவே. ரசம் குடித்த வாய்க்கு அடுத்து வரும் ஒயினின் புளிப்பு குறைந்து தெரியும். சாவின்யான் பிளாங்கில் புளிப்பு ஏராளம் என்பதால் அது தாங்கும். பழம் முன்னால் வரும். ஷிராஸ் சப்பென்று ஆகிவிடும். பினாங்கு அசாம் லக்சாவுக்கும் இதே கணக்குதான், அதில் மீனும் சேர்வதால் சிவப்பு ஒயின் இன்னும் பொருந்தாது. மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்பு நெடியோடு கவுச்சி ஏறுவதற்கு ஒயினிலுள்ள இரும்புச் சத்து காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த தெங்கிரி மீனோடு சாவின்யான் பிளாங்கைச் சுவைத்து, அடுத்து ஷிராஸைச் சுவைத்துப் பாருங்கள். எந்த ஒயினில் எந்த அளவுக்கு அந்த நெடி வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; எல்லாச் சிவப்பும் ஒரே அளவுக்கு மோசமில்லை.

பாகற்காய் வறுவல் பல வாழை இலைச் சாப்பாட்டில் இருக்கும். ஒரு துண்டைக் கடித்துவிட்டு ஷிராஸைக் குடியுங்கள். பாகற்காயின் கசப்பு டானினின் மேல் ஏறி உட்கார்ந்து, பழம் முழுக்க மறைந்து, ஈறு இறுகும். இப்போது அதே ஷிராஸை ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு சுவையுங்கள். இறைச்சியின் புரதத்தையும் கொழுப்பையும் டானின் பற்றிக்கொள்ளும், உப்பு கசப்பை அடக்கும். துவர்ப்பு பாதிக்குப் பாதி தணிந்து நாவற்பழமும் மிளகும் மேலே வரும். ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே ஒயின் இரண்டு ஒயினாகத் தெரியும். தனியாக எழுதிய முதல் குறிப்பின் அருமை புரிவது இங்கேதான். இந்த இரண்டில் எது உண்மையான ஷிராஸ் என்று கேட்டால், தனியாக எழுதியதைத்தான் காட்ட வேண்டும்.

பிரட்டலில் மிளகாய்க் காரம் மிஞ்சினால் கதை மாறும். மதுவும் மிளகாயும் ஒரே நரம்பைத் தூண்டுவதால் 14 சதவீத ஒயின் காரத்தைக் கிளறிவிடும். மோர் மிளகாய், மீன் குழம்பு, நண்டு மிளகாய்க் கறி எல்லாவற்றுக்கும் மோசல் ரீஸ்லிங்கை நீட்டுங்கள்: மது குறைவு, சீனி எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு எண்ணெயை வெட்டும். நம் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு போத்தல்தான் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் திடமான கருத்து. சிவப்புதான் வேண்டும் என்பவருக்குக் குளிர்ந்த போஜொலே. காரக் கறிக்கு விலை கூடிய கனத்த சிவப்பைத் திறப்பது பணத்துக்கும் கேடு, கறிக்கும் கேடு.

தயிரும் தேங்காய்ப்பால் குழம்பும் நாக்கில் படலம் போட்டு மணத்தை மங்கவைக்கும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாயசம் வந்ததும் சீனி குறைந்த ஒயின் எல்லாம் வெறும் புளிப்பாகிவிடும், ஆகவே கிளாஸைக் காலி செய்துவிட்டே பாயசத்துக்குப் போங்கள்.

எடைபோடுவது

இருபது மதிப்பெண், நூறு மதிப்பெண் முறைகள் பழகியவர்களுக்கு உதவும். புதியவர் மூன்று கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, சூடு நான்கில் ஏதாவது ஒன்று பழத்தை மீறித் துருத்திக்கொண்டு நிற்கிறதா? மணம் தெளிவாக, பெயர் சொல்லும்படி இருக்கிறதா, அல்லது பொதுவாகப் பழம் என்று மட்டும் சொல்ல முடிகிறதா? பழம் எத்தனை விநாடி நின்றது? பிடித்ததா என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். நன்றாகச் செய்த ஒயின் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்: "ஷிராஸ், 16 டிகிரி. விளிம்புவரை அடர் ஊதா. நாவற்பழம், மிளகு, கொஞ்சம் தேங்காய். புளிப்பு நடுத்தரம், துவர்ப்பு கூடுதல், ஆனால் சொரசொரப்பு இல்லை, மதுவின் சூடு தெரிகிறது. 8 விநாடி. பிரட்டலோடு: துவர்ப்பு தணிந்தது, மிளகு ஏறியது. மோர் மிளகாயோடு: எரிந்தது. பாகற்காயோடு: வேண்டவே வேண்டாம்."

இளமையில் மன்னிக்கக்கூடியது பழத்தோடு வரும் கடுமை. துவர்ப்பு ஈறைப் பிடித்தாலும் நடு நாக்கில் பழம் நிறைந்திருந்தால் அந்த ஒயினுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பழம் மெலிந்து துவர்ப்பு மட்டும் சொரசொரப்பாக நின்றால் காத்திருந்து பயனில்லை. துவர்ப்பு தணியும் முன்பே பழம் தீர்ந்துவிடும். வைத்திருந்து பார்க்கத் தோன்றினாலும், 12 முதல் 14 டிகிரியில் நிலையாக வைக்க ஒயின் அலமாரி இல்லாத வீட்டில் சில வாரங்களுக்கு மேல் வைக்க வேண்டாம்.

அந்த 150 மில்லி மிச்சத்தை அதே போத்தலில் மூடி, நான்கையும் குளிர்பெட்டியில் நிறுத்தி, மறுநாள் அதே நேரத்தில் அதே குளிர்ச்சியில் சுவையுங்கள். முக்கால்வாசி காலியான போத்தலில் ஒயின் ஒரு நாளில் நிறையக் காற்றைச் சந்தித்துவிடும். மணம் சரிந்து ஆப்பிள் கறுத்த வாசம் வந்தால் அதை வாங்கிய மாதமே குடித்துவிடுவது நல்லது. துவர்ப்பு இளகி, பழம் முதல் நாளைவிடத் திறந்து நின்றால், அந்த ஒயினை இன்னொரு போத்தல் வாங்கலாம். அதைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள்.